சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் புதிதா? சொன்னது ஒன்று, புரிந்தது ஒன்று என்று ஆகாமல் இருக்க

ஸ்கில் டெஸ்ட் பாஸ் செய்து, பயிற்சி சென்டரில் கம்பி கட்டியும் டைல்ஸ் ஒட்டியும் பழகி, கடனை உடனை வாங்கி ஒரு வழியாக சிங்கப்பூர் வந்து இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் சைட்டில் வாங்கும் திட்டுக்கு வேலை தெரியாதது காரணமாக இருப்பது குறைவு. பேச்சுதான் காரணம். சூப்பர்வைசர் ஒரு சீனராக இருப்பார், பக்கத்தில் கம்பி பிடிப்பவர் பங்களாதேஷ்காரர், மேலே ஃபார்ம்வொர்க்கில் நிற்பவர் மியான்மர்காரர், எல்லாரும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் ஆளுக்கு ஓர் ஆங்கிலம். இந்தத் திண்டாட்டத்தை முழுக்கப் பட்டுத் தெளிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இதில் உள்ளவை ஊரிலேயே தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது.

தொகை எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில் சொல்கிறேன்.

1. விமானம் ஏறும் முன்: ஏஜென்ட் சொன்னதையும் ஐபிஏ தாளையும் ஒப்பிடுங்கள்

குழப்பம் சைட்டில் தொடங்குவதில்லை, ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. ஏஜென்ட் போனில் "மாசம் 800 வெள்ளி தம்பி, ஓடி தனி" என்பார். ஓடி என்றால் ஓவர்டைம், கூடுதல் நேர வேலை. நீங்களும் சரி என்பீர்கள். ஆனால் அந்த 800 என்பது அடிப்படைச் சம்பளமா, இல்லை அடிப்படை 600-உம் அலவன்ஸ் 200-உம் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்வதில்லை. இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் ஓடி கணக்கு அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான்.

கணக்கு இப்படி: அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம், அதாவது 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு. அடிப்படை 800 என்றால் ஓடி மணிக்கு 6.29 வெள்ளி. அடிப்படை 600 என்றால் 4.72 வெள்ளி. மாதம் 60 மணி நேரம் ஓடி பார்த்தால் வித்தியாசம் சுமார் 94 வெள்ளி. இரண்டு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், ஒரே ஒரு கேள்வி கேட்காததால் போகும் பணம் எவ்வளவு என்று தெரியும்.

ஆகவே ஐபிஏ தாள், அதாவது வேலை அனுமதிக்கான கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம், கைக்கு வராமல் கிளம்பாதீர்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் அதன் நகலை நீங்கள் புறப்படும் முன்பே அனுப்ப வேண்டியது முதலாளியின் பொறுப்பு. தமிழில் கேளுங்கள், கிடைக்கும். அதில் பார்க்க வேண்டியது நான்கு: அடிப்படை மாதச் சம்பளம், நிரந்தர அலவன்ஸ், பிடித்தம் (தங்குமிடம், சாப்பாடு எதற்காவது வெட்டுவார்களா), என்ன வேலை. ஏஜென்ட் சொன்னது வேறு, தாளில் உள்ளது வேறு என்றால், "அங்க போனதும் சரி பண்ணிடுவாங்க" என்ற பேச்சை நம்பி ஏறாதீர்கள். தாளில் உள்ளதுதான் கணக்கு. அதே போல, தாளில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் முதலாளி குறைக்க முடியாது, அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

ஏஜென்ட்டிடம் கேட்பதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். போனில் பேசினால், பேசி முடித்ததும் "அண்ணே, நீங்க சொன்னபடி அடிப்படை 800, ரூம் கம்பெனி தரும், சாப்பாடு என் செலவு, சரிதானே?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். அவர் "ஆமா" என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும். பணம் கொடுத்தால் ரசீது. சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு வரம்பு உண்டு: ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருடமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. வேலை கொடுப்பதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளியே உங்களிடம் பணம் வாங்குவது குற்றம். வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குச் செலுத்தும் லெவியும் அவர்தான் கட்ட வேண்டும், உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது.

ஐபிஏ தாளை போட்டோ எடுத்து வீட்டுக்கு ஒன்று அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒன்று போட்டு வையுங்கள். போன் தொலைந்தால் எல்லாம் தொலையும்.

2. முதல் வாரம்: யார் சொன்னால் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊரில் ஒரு மேஸ்திரி, அவர் சொல்வதுதான் சட்டம். இங்கே மெயின் கான்ட்ராக்டர் என்று ஒரு கம்பெனி, அதன் கீழே சப்-கான் என்று பல கம்பெனிகள், நீங்கள் அனேகமாகச் சப்-கான் ஆளாக இருப்பீர்கள். உங்கள் கெப்பாலா, அதாவது குழுத் தலைவர், ஒன்று சொல்வார், மெயின்-கான் சூப்பர்வைசர் வந்து இன்னொன்று சொல்வார், நடுவில் சேஃப்டிக்காரர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்.

முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்: தினமும் எனக்கு வேலை சொல்பவர் யார், அவர் இல்லாத நாளில் யார், சேஃப்டிக்கு யார். பெயரும் போன் நம்பரும் வாங்கி வையுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்யாதீர்கள். "பாஸ், மை சூப்பர்வைசர் டெல் மீ டூ திஸ் ஒன் ஃபர்ஸ்ட். யூ கால் ஹிம், கேன்?" என்று சொல்லி, இருவரையும் பேசவிட்டுவிடுங்கள். சேஃப்டிக்காரர் நிறுத்தச் சொன்னால் மட்டும் யாரையும் கேட்க வேண்டாம், கையில் இருப்பதைப் பத்திரமாக வைத்துவிட்டு நிறுத்துங்கள்.

வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை விதிமுறைகள் எழுதிய தாளை முதலாளி உங்களுக்குத் தர வேண்டும். வேலை நேரம், ஓய்வு நாள், சம்பள நாள், ஓடி விகிதம், லீவு எல்லாம் அதில் இருக்கும். தரவில்லை என்றால் ஆபீஸில் பணிவாகக் கேளுங்கள், கேட்பது தப்பில்லை. முதல் முறை கட்டுமான வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பும் உண்டு, உங்கள் மொழியிலேயே நடக்கும், முதலாளி அனுப்பி வைப்பார். பயணக் களைப்பில் அங்கே தூங்கிவிடாதீர்கள். யாரிடம் போய்க் கேட்பது என்ற தகவல் எல்லாம் அங்கேதான் சொல்வார்கள்.

3. எண், அளவு, மாடி: தப்பு நடக்கும் இடங்கள் இவைதான்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். சைட்டில் நடக்கும் தகராறுகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஓர் எண்ணிலோ ஓர் இடத்திலோ வந்து நிற்கும்.

மாடி: நம் ஊரில் தரைத்தளம், அப்புறம் முதல் மாடி. சிங்கப்பூரில் தரைத்தளமே லெவல் ஒன். ஆக நீங்கள் முதல் மாடி என்று நினைப்பது இங்கே லெவல் டூ. "லெவல் ஃபோர்" என்று சொன்னால் படியேறி நாலாவது மாடிக்குக் கம்பியைச் சுமந்துகொண்டு போய் இறக்கிவிட்டு, ஒரு மாடி கீழே இறங்கி வருபவர்களைப் புது ஆட்கள் வரும்போதெல்லாம் பார்க்கலாம். படிக்கட்டுச் சுவரில் எண் எழுதியிருக்கும், அதைப் பார்த்தே போங்கள், மனதில் எண்ணிக்கொண்டு ஏறாதீர்கள். தரைக்குக் கீழே இருப்பது பி ஒன், பி டூ.

பதினைந்தும் ஐம்பதும்: வாக்கி-டாக்கியில், டிரில் சத்தத்துக்கு நடுவே, "ஃபிஃப்டீன்" எது "ஃபிஃப்டி" எது என்று எவருக்கும் காது பிடிக்காது. 13-30, 14-40, 16-60, எல்லாமே அப்படித்தான். நீங்கள் சொல்லும்போது எண்ணை உடைத்துச் சொல்லுங்கள்: 15 என்றால் "ஒன் ஃபைவ்", 50 என்றால் "ஃபைவ் ஸீரோ". எதிராளி உடைத்துச் சொல்லாவிட்டால் நீங்கள் உடைத்துத் திருப்பிக் கேளுங்கள். இந்தப் பழக்கம் ஒன்றுக்கே சூப்பர்வைசர்கள் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

கம்பி: ஊரில் 8, 10, 12, 16 என்று பழகிய கை. இங்கே 12 மில்லி கம்பிக்குப் பதிலாக 13 மில்லி. டிராயிங்கில் டி13 (T13) என்றோ ஹெச்13 (H13) என்றோ இருக்கும். கண்ணால் பார்த்தால் 12 போலவேதான் தெரியும், ஆனால் "ட்வெல்வ்" என்று கேட்டால் ஸ்டோரில் முழிப்பார்கள். டி10-150 என்றால் 10 மில்லி கம்பி, 150 மில்லி இடைவெளி. ஊரில் "ஆறு இன்ச்சுக்கு ஒண்ணு" என்று கட்டியது கிட்டத்தட்ட இதுதான். ஆனால் இங்கே அடி, இன்ச், நூல் எதுவும் பேச்சில் வராது, முழுக்க மில்லிமீட்டர். 2,400 என்றால் இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர், சுமார் எட்டு அடி. டேப்பில் இன்ச் பக்கத்தைப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள். நாம் ஸ்டிரப், ரிங் என்பதை இங்கே லிங்க் என்பார்கள்.

விரல் கணக்கு: இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சீனாவிலிருந்து வந்தவர்கள் ஒன்று முதல் பத்து வரை ஒரே கையில் காட்டுவார்கள். ஐந்து வரை நம்மைப் போலத்தான், அதற்கு மேல்தான் சிக்கல். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டி மற்ற விரல்களை மடக்கினால் ஆறு, நமக்கு அது போன் பண்ணு என்பது போலத் தெரியும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நீட்டினால் எட்டு, நாம் அதை இரண்டு என்று எடுத்துக்கொள்வோம். மேலே நிற்பவர் எட்டு பைப் கேட்க, கீழே இருப்பவர் இரண்டு அனுப்ப, மேலிருந்து கத்த, கீழிருந்து இவர் கத்த, அந்த நாள் முழுக்க இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. கையால் எண் காட்டினால் வாயாலும் கேளுங்கள், இல்லையென்றால் ஒரு சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கிரிட் எழுத்து: டிராயிங்கில் தூண்கள் பி, சி, டி, ஈ என்று எழுத்தாலும் 1, 2, 3 என்று எண்ணாலும் குறிக்கப்பட்டிருக்கும். பி, டி, ஈ, ஜி, எல்லாம் ரேடியோவில் ஒரே மாதிரி கேட்கும். "பி, பாய் பி" "டி, டாக் டி" என்று சேர்த்துச் சொல்வது வழக்கம், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

4. "யெஸ் பாஸ்" என்பதை நிறுத்திவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்

புரியாவிட்டாலும் "யெஸ் பாஸ்" சொல்லிவிட்டு, பிறகு பக்கத்தில் இருக்கும் அண்ணனிடம் "என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்பது நம் ஆட்களிடம் ஊறிப்போன பழக்கம். திட்டுவாரோ என்ற பயம், புரியவில்லை என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்ற பயம். எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும். ஆனால் கேள்வி கேட்டதற்காகத் திட்டும் திட்டு பத்து நொடி. தப்பாகக் கட்டியதைப் பிரித்துத் திரும்பக் கட்டினால் அரை நாள் போகும், கான்கிரீட் லாரி வாசலில் வந்து நிற்கும்போது தெரிந்தால் அந்தத் திட்டு வேறு கணக்கு.

செய்ய வேண்டியது இது. அவர் சொல்லி முடித்ததும் இடம், பொருள், எண்ணிக்கை, நேரம் நாலையும் உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள்: "பாஸ், லெவல் ஃபைவ், கிரிட் சி த்ரீ, டி தேர்ட்டீன், ஒன் ஃபைவ் பீஸ், பிஃபோர் லஞ்ச். கரெக்ட்?" இலக்கணம் எல்லாம் யாரும் பார்ப்பதில்லை, நாலும் வந்துவிட்டதா என்பதுதான் முக்கியம். அவர் "கரெக்ட்" என்று சொன்ன பிறகு நகருங்கள். பாதிதான் புரிந்தது என்றால் புரிந்த பாதியைச் சொல்லி மீதியைக் கேளுங்கள்: "பாஸ், லெவல் ஃபைவ் ஐ நோ. ஹவ் மெனி பீஸ்?" முழுக்கப் புரியவில்லை என்று நிற்பதைவிட இப்படிக் கேட்டால் அவருக்கும் பதில் சொல்வது சுலபம்.

தலையாட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் சரி என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுவோம். சீனச் சூப்பர்வைசருக்கு அது "இல்லை" என்றோ "பார்க்கலாம்" என்றோ தெரியும், எத்தனை முறை சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறானே என்று கோபம் வரும். சரி என்றால் மேலும் கீழும் ஆட்டுங்கள், கூடவே "கேன்" என்று வாயால் சொல்லுங்கள். முடியாது என்றால் "கேனாட்" என்று சொல்லி, ஒரு வரியில் காரணம். "கேனாட் பாஸ், நோ மெட்டீரியல்." இங்கே அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. பேசாமல் இருந்துவிட்டு சாயந்திரம் வேலை முடியாமல் நிற்பதைத்தான் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

அவர் போனில் படம் எடுத்து வட்டம் போட்டு அனுப்பினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அனுப்பாவிட்டால் நீங்கள் எடுத்து, வட்டம் போட்டு, "திஸ் ஒன்?" என்று அனுப்புங்கள். குரல் பதிவைவிடப் படம் பத்து மடங்கு மேல். தமிழில் நீளமாக எழுதி மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு அப்படியே அனுப்பாதீர்கள், நம் ஊர்ப் பேச்சுத் தமிழை அது கன்னாபின்னாவென்று மாற்றும். சின்னச் சின்ன வாக்கியமாக, எழுத்துத் தமிழில் போட்டால் ஓரளவு சரியாக வரும்.

5. டூல்பாக்ஸ் மீட்டிங்: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிறுத்தி அன்றைய வேலை, ஆபத்து, எங்கே போகக்கூடாது என்று சொல்வார்கள். கடைசியில் ஒரு தாள் சுற்றி வரும், எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம், சொன்னது எனக்குப் புரிந்தது என்பது. நாளை ஏதாவது நடந்தால் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பின்வரிசையில் நின்று கையெழுத்து மட்டும் போடாதீர்கள். முன்னால் நில்லுங்கள், புரியவில்லை என்றால் "தமிழ், யாராவது சொல்லுங்க" என்று அங்கேயே கேளுங்கள், நம் ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார்.

சில வேலைகளில் பெர்மிட்-டு-ஒர்க், அதாவது அந்த வேலையைத் தொடங்க சைட்டில் தரும் எழுத்து அனுமதி, இல்லாமல் கை வைக்கக்கூடாது: 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள உயர வேலை, 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம், கிரேன் தூக்கும் வேலை, இடிப்பு போன்றவை. "பெர்மிட் ரெடி?" என்று கேட்பது உங்கள் உரிமை. பெர்மிட்டில் எந்த இடத்துக்கு, எது வரை என்று எழுதியிருக்கும், காலம் முடிந்த பெர்மிட் செல்லாது என்பதையும் கவனியுங்கள்.

கிரேன் பக்கம் ஒரு விதி. சைகை கொடுப்பது சிக்னல்மேன் ஒருவர் மட்டும்தான். நீங்கள் உதவி செய்கிறேன் என்று கையை ஆட்டினால் மேலே இருப்பவருக்கு இரண்டு சைகை தெரியும், அது உயிர் போகும் காரியம். ஆனால் நிறுத்து என்ற சைகையை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்தால் ஆபரேட்டர் நிறுத்துவார். சந்தேகம் வந்தால் தயங்காமல் கத்துங்கள். "ஸ்டாப்" என்ற ஒரு சொல் எல்லா நாட்டுக்காரருக்கும் தெரியும்.

6. ஓடி, ஞாயிற்றுக்கிழமை, எம்சி: வாய்ப்பேச்சை அன்றைக்கே எழுத்தாக்குங்கள்

டைம் கார்டில் கம்பெனி எழுதுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் ஒரு சின்ன நோட்டில் தினமும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த சைட் என்று எழுதுங்கள். இரவு லாரி ஏறும் முன் டைம் கார்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓடி மாதத்துக்கு 72 மணி நேரம் வரைதான் சட்டப்படி, அதற்கு மேல் வேலை வாங்க முதலாளி தனி அனுமதி பெற வேண்டும்.

ஓய்வு நாள் வேலையில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. முதலாளி கூப்பிட்டு நீங்கள் வந்தால் அரை நாள் வரை பார்த்த வேலைக்கு ஒரு நாள் சம்பளம், அரை நாளுக்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம். நீங்களே வேலை கேட்டு வந்ததாக இருந்தால் அரை நாளுக்கு அரை நாள் சம்பளம், அதற்கு மேல் ஒரு நாள் சம்பளம். ஆக, யார் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துப் பாதிக்குப் பாதி மாறுகிறது. சனிக்கிழமை சாயந்திரம் சூப்பர்வைசர் "டுமாரோ கேன் ஒர்க்?" என்று கேட்க, நீங்கள் சிரித்துக்கொண்டே "கேன், கேன், ஐ லைக்" என்றால், நாளைக்கு அதை நீங்கள் கேட்ட வேலை என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. அன்று இரவே ஒரு மெசேஜ் போடுங்கள்: "பாஸ், யூ ஆஸ்க் மீ ஒர்க் டுமாரோ சண்டே. வாட் டைம் ரிப்போர்ட்?" இதில் சண்டையும் இல்லை, குற்றம் சாட்டலும் இல்லை. நேரம் கேட்கும் சாக்கில் யார் கூப்பிட்டது என்பது பதிவாகிவிடுகிறது. அவர் "7.30" என்று பதில் போட்டால் வேலை முடிந்தது. அந்த மெசேஜை அழிக்காதீர்கள்.

உடம்பு சரியில்லை என்றால்: டாக்டரிடம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கி, 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். என் யோசனை, 48 மணி நேரம் காத்திருக்காமல் காலை லாரி கிளம்பும் முன்பே சொல்வது. ரூம்மேட்டிடம் சொல்லி அனுப்புவதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர் மறந்துவிடுவார், நீங்கள் சொல்லாமல் வராத ஆள் ஆகிவிடுவீர்கள். எம்சியைப் போட்டோ எடுத்து நீங்களே அனுப்புங்கள், எத்தனை நாள் என்று எழுதுங்கள். சம்பளத்துடன் எம்சி எடுக்கும் உரிமை மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான் தொடங்குகிறது: அப்போது 5 நாள், மாதம் ஏற ஏறக் கூடி, ஆறு மாதம் முடிந்தால் வருடத்துக்கு 14 நாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்த 14-ஐயும் சேர்த்து 60 நாள் வரை. டார்மிட்டரி (ஊழியர் தங்கும் விடுதி) மருத்துவத் திட்டத்தில் இருந்தால் மருத்துவ நிலையத்தில் உங்கள் பங்கு 5 வெள்ளி, வீடியோவில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. காசு போகுமே என்று காய்ச்சலோடு உயரத்தில் ஏறாதீர்கள்.

7. அடிபட்டால்: டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன். சைட்டில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில், ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், அப்புறம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொல்லக்கூடும். சொல்பவர் நம் ஊர்க்காரராகவே இருக்கலாம், நல்ல மனதோடேகூடச் சொல்லலாம். கேட்காதீர்கள். டாக்டர் முதலில் எழுதும் குறிப்புதான் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. "ஒர்க்கிங் டைம், சைட், ஃப்ரம் ஸ்கேஃபோல்ட் ஃபால் டவுன்" என்று எப்படி, எங்கே, எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வரவில்லை என்றால் தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். தமிழ் இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எம்சி அல்லது லைட் டியூட்டி (பாரமில்லாத வேலை மட்டும் என்ற டாக்டர் குறிப்பு) கொடுக்கப்பட்ட எந்த வேலைக் காயமும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், கம்பெனிக்கு அதற்கு 10 நாள் அவகாசம். இழப்பீடு கேட்க உங்களுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு. அடிபட்ட இடத்தின் படம், உடனிருந்தவர் பெயர், நேரம் இவற்றை அன்றைக்கே போனில் வைத்துக்கொள்ளுங்கள். லைட் டியூட்டி என்று டாக்டர் எழுதினால் என்ன தூக்கக்கூடாது, எவ்வளவு நாள் என்று கேட்டு, அந்தத் தாளைச் சூப்பர்வைசருக்கு நீங்களே காட்டுங்கள். அவர் "லைட் டியூட்டி" என்பதை "கொஞ்சம் மெதுவா வேலை செய்" என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

8. சம்பள நாள்: சீட்டைப் படித்து, கேள்வியை வரிசையாகக் கேளுங்கள்

மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடி பணம் வர வேண்டும். டார்மிட்டரியில் தங்குபவர்களுக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். விவரமான சம்பளச் சீட்டு பணத்தோடோ, அல்லது மூன்று வேலை நாளுக்குள்ளோ கிடைக்க வேண்டும். உங்கள் நோட்டையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடி மணி நேரத்தை ஒப்பிடுங்கள்.

குறைந்தால் "சம்பளம் கம்மி பாஸ்" என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை, ஆபீஸில் இருப்பவருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியாது. "12-ஆம் தேதி ஓடி 3 மணி நேரம், சீட்டில் இல்லை, இதோ டைம் கார்டு போட்டோ" என்று சொல்லுங்கள். நிறைய நேரம் எழுதுபவரின் கைப்பிசகாக இருக்கும், அடுத்த மாதம் சேர்த்துவிடுவார்கள். எப்போது சேர்ப்பார்கள் என்று கேட்டு அதையும் மெசேஜில் உறுதி செய்துகொள்ளுங்கள். "லேட்டர், லேட்டர்" என்று இரண்டு மாதம் ஓடினால் புலம்பெயர்ந்த ஊழியர் நிலையத்துக்கு போன் போடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்: 6536 2692. சம்பளப் புகாருக்குக் காலக்கெடு உண்டு. வேலையில் இருக்கும்போது பிரச்சினை தொடங்கியதிலிருந்து ஓராண்டு, வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான். ஊருக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள்.

புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம், வெற்றுத் தாளில் எந்தக் காலத்திலும் வேண்டாம். லீவுக்கு ஊர் போகும்போது கொடுக்கும் தாளில் ராஜினாமா என்று இருக்கலாம், சம்பளம் முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று இருக்கலாம். "டேக் போட்டோ, ரீட் டுநைட், டுமாரோ சைன், கேன்?" என்று கேளுங்கள். உண்மையான தாள் என்றால் ஒரு இரவு காத்திருக்கும். போன் கேமராவால் மொழிபெயர்த்துப் பாருங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போகும்போது விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

9. நோட்டின் முதல் பக்கம்

இவ்வளவும் செய்ய வாங்கும் அந்தச் சின்ன நோட்டின் முதல் பக்கத்தில், இன்றைக்கே, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஒர்க் பெர்மிட்டில் உள்ள ஃபின் நம்பர் (வெளிநாட்டவர் அடையாள எண்), கம்பெனியின் முழுப் பெயர், டார்மிட்டரி முகவரியும் அதன் 6 இலக்க அஞ்சல் எண்ணும், இப்போது வேலை பார்க்கும் சைட்டின் அஞ்சல் எண், இரத்த வகை, ஊரில் ஒருவர் நம்பர், சூப்பர்வைசர் நம்பர், ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. இங்கே இடத்தைச் சொல்ல அந்த 6 இலக்கமே போதும், தெருப் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் ஆம்புலன்ஸ் வந்துவிடும். அதையும் ஒவ்வோர் எண்ணாக உடைத்துச் சொல்லுங்கள். சைட் மாறும்போது பழைய அஞ்சல் எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுத மறக்க வேண்டாம்.